காசிம் சுலைமானி போரை எங்கே கற்றார்?

ராணுவக் கல்லூரியில் படிக்காத காசிம் சுலைமானி எப்படி ஈரானின் மிகச் செல்வாக்கான தளபதியானார், ஈரான் நாட்டுத் தளபதிக்கு இராக்கிலும் சிரியாவிலும் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–இராக் போர். சுலைமானியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 2003-க்குப் பிந்தைய இராக்கிலிருந்தோ சிரியாவிலிருந்தோ தொடங்குவார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவர் மனம் அதற்கு வெகுகாலம் முன்பே, தெற்கு இராக்கின் பஸ்ரா நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் சதுப்பு நிலத்தில் உருவாகி முடிந்திருந்தது என்பது என் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈரானில் இரண்டு ராணுவங்கள் உண்டு. ஒன்று மன்னர் ஷா காலத்திலிருந்து வரும் வழக்கமான ராணுவம். இன்னொன்று, 1979 புரட்சி வென்ற சில மாதங்களில் புரட்சித் தலைவர் கொமேனியின் ஆணையால் உருவான புரட்சிக் காவல் படை. ஷாவின் அதிகாரிகளைப் புதிய ஆட்சியாளர்கள் நம்பவில்லை. பலரைச் சுட்டுக் கொன்றார்கள், பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புரட்சியைக் காக்கத் தனியாக ஒரு படை வேண்டும் என்று நினைத்தார்கள். அதில் சேர்ந்தவர்கள் கடைப் பையன்கள், மாணவர்கள், கூலித் தொழிலாளிகள். போர் முடியும்வரை அந்தப் படையில் முறையான பதவித் தரவரிசைகூடக் கிடையாது. யாருக்குப் பின்னால் பையன்கள் நடப்பார்களோ அவர்தான் தளபதி. வழக்கமான ராணுவத்தில் சுலைமானி போன்ற ஒருவர் சார்ஜென்ட் ஆகவே பல வருடம் பிடித்திருக்கும்.

அவர் பிறந்தது 1957 மார்ச்சில், கெர்மான் மாகாணத்தின் மலைக் கிராமமான கனாத்-இ-மாலிக்கில். ஏழை விவசாயக் குடும்பம். ஷா அரசின் விவசாயக் கடனாக அவருடைய அப்பா 900 தொமான் வாங்கியிருந்தார். அன்றைக்கு அது ஏறக்குறைய 100 டாலர். கட்ட முடியவில்லை. அதிகாரிகள் வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் இரவு தூக்கம் வராது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். பதின்மூன்று வயதில் உறவுக்காரப் பையன் ஒருவனோடு கெர்மான் நகரத்துக்கு வேலை தேடிப் போனார். உடம்பு சிறியது என்று யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டுமானத்தில் சித்தாள் வேலை கிடைத்தது. நாளுக்கு இரண்டு தொமான் கூலி. பிறகு அந்நகரின் குடிநீர்த் துறையில் வேலை, மாலையில் உடற்பயிற்சிக் கூடம், பின்னாளில் கொமேனிக்கு அடுத்து உச்சத் தலைவரான காமேனியின் சீடர் ஒருவரின் சொற்பொழிவுகள் என்று இளமை போனது. புரட்சியில் அவருக்குப் பெரிய பங்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. புரட்சி வென்றதும் காவல் படையில் சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்றரை மாதப் பயிற்சி. உடனே வடமேற்கே, குர்துகளின் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டார்.

1980 செப்டம்பர் 22-ல் சதாம் உசேனின் படைகள் எல்லையைத் தாண்டின. பதினைந்து நாள் பணி என்று சொல்லித்தான் சுலைமானி முனைக்குப் போனார், போர் முடியும்வரை திரும்பவில்லை. கெர்மான், சிஸ்தான்–பலுசிஸ்தான், ஹொர்மொஸ்கான் பகுதிப் பையன்களைக் கொண்ட அவருடைய பிரிவு '41-வது தாரல்லாஹ் டிவிஷன்' ஆக வளர்ந்தது. முப்பது வயது ஆவதற்குள் ஒரு டிவிஷனின் தளபதி. இரவில் எதிரி எல்லைக்குள் புகுந்து வேவு பார்ப்பதில் கெட்டிக்காரர். திரும்பி வரும்போது தன் ஆட்களுக்குச் சாப்பிட ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வருவாராம். இராக் வானொலி அவரை 'ஆட்டுத் திருடன்' என்று திட்டியது. அவருடைய ஆட்களுக்கு அது பெருமை.

1982 மே 24-ல் ஈரான் கொர்ரம்ஷஹர் நகரத்தை மீட்டது. இழந்த மண்ணில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. போரை அங்கே நிறுத்தியிருக்கலாம். ஈரான் தலைமை நிறுத்தவில்லை. ஜூலையில் எல்லை தாண்டி பஸ்ராவை நோக்கிப் படை அனுப்பியது. அடுத்த ஆறு ஆண்டுகளில் ஈரான் இழந்த உயிர்களுக்கு அந்த முடிவுதான் காரணம். சதாமிடம் சோவியத் டாங்கிகளும் பிரெஞ்சு விமானங்களும் இருந்தன. வளைகுடா அரசர்களின் பணமும் அமெரிக்க உளவுத் தகவலும் வந்துகொண்டிருந்தன. போதாததற்கு விஷவாயு. ஈரானிடம் இருந்தது ஆட்கள், ஆட்கள், மேலும் ஆட்கள்.

1986 டிசம்பரில் 'கர்பலா-4' என்ற தாக்குதல். ஷத் அல்-அரப் ஆற்றை இரவில் நீந்திக் கடக்க நீச்சல் வீரர்களை அனுப்பினார்கள். இராக்குக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒரே இரவில் தாக்குதல் நொறுங்கியது. அந்த நீச்சல் வீரர்களில் 175 பேரின் உடல்கள் 2015-ல்தான் கண்டெடுக்கப்பட்டு ஈரானுக்கு வந்தன. சிலரின் கைகள் கட்டப்பட்டிருந்தன. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு டெஹ்ரானில் அவர்களுக்கு நடந்த இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் அழுதது. அந்தத் தோல்விக்கு இரண்டே வாரத்தில் 'கர்பலா-5' தொடங்கியது. பஸ்ராவுக்குக் கிழக்கே எல்லையில் இருக்கும் ஷலம்சேயில் முள்வேலி, பதுங்குகுழி, செயற்கை ஏரி என்று அடுக்கடுக்காக இராக் அமைத்திருந்த அரணை மோதி உடைக்கும் முயற்சி. வாரக்கணக்கில் நடந்தது. ஈரான் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் பல்லாயிரம். பஸ்ரா விழவே இல்லை. இரண்டிலும் சுலைமானியின் டிவிஷன் இருந்தது. ஊரிலிருந்து தானே அழைத்து வந்த பையன்களை இழந்து, அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றவர் அவர். கடைசிவரை மேடைகளில் அந்தப் பெயர்களைச் சொல்லி அழுதிருக்கிறார். அதை நடிப்பு என்று நான் ஒதுக்கமாட்டேன்.

1988 ஏப்ரலில், ஈரான் இரண்டு ஆண்டு முன்பு பெரும்பாடுபட்டுப் பிடித்திருந்த தெற்கு இராக்கின் ஃபாவ் தீபகற்பத்தை இராக் இரண்டே நாளில் திரும்பப் பிடித்தது. ஆகஸ்டில் போர் நின்றது. எல்லை தொடங்கிய இடத்திலேயே இருந்தது.

அந்தத் தலைமுறைத் தளபதிகள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது. டாங்கிக்கு டாங்கி, விமானத்துக்கு விமானம் என்று நேருக்கு நேர் மோதினால் ஈரான் தோற்கும். யாரும் உதவிக்கு வரமாட்டார்கள். அப்படியானால் அடுத்த போர் ஈரான் மண்ணில் நடக்கக் கூடாது. வேறொருவர் மண்ணில், வேறொருவர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு, எதிரி எல்லைக்கு வருவதற்கு வெகு முன்பே நடக்க வேண்டும். இந்தச் சிந்தனை சுலைமானியின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. லெபனானில் ஹிஸ்புல்லா என்ற ஷியா ஆயுத அமைப்பை ஈரான் வளர்க்கத் தொடங்கியது 1982-லேயே. ஆனால் அதை ஓர் இயங்கும் அமைப்பாகக் கட்டியவர் அவர்தான்.

போருக்குப் பிறகு கெர்மானுக்குத் திரும்பி, ஆப்கன் எல்லை வழியாக அபின் கடத்தும் கும்பல்களோடு பல ஆண்டுகள் மோதினார். பேசப்படாத காலம் இது, ஆனால் பயனுள்ள காலம். பழங்குடித் தலைவர்களோடு பேரம் பேசுவது, யாரை மிரட்டுவது, யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அங்கே படிந்த பழக்கம். காபூலை 1996-ல் தாலிபான் பிடித்ததும் கிழக்கு எல்லை தெரிந்த ஆள் தேவைப்பட்டார். 1997-98 வாக்கில், புரட்சிக் காவல் படையின் வெளிநாட்டுப் பிரிவான குத்ஸ் படைக்கு அகமது வாஹிதிக்கு அடுத்த தளபதியாக சுலைமானியை நியமித்தார் உச்சத் தலைவர் காமேனி. பயிற்சி, ஆயுதம், பணம், உளவு, தூது எல்லாம் ஒரே கையில் இருக்கும் பிரிவு அது. தளபதி நேரடியாக உச்சத் தலைவரிடம் பேசுவார். அதிபரும் வெளியுறவு அமைச்சரும் இடையில் இல்லை.

பதவிக்கு வந்த சில மாதங்களில் முதல் சோதனை. 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷெரீஃபைப் பிடித்த தாலிபான், அங்கிருந்த ஈரான் துணைத் தூதரகத்தில் தூதரக ஊழியர்களையும் ஒரு பத்திரிகையாளரையும் கொன்றது. ஈரான் எல்லையில் படை குவித்தது. போர் மூளும் என்றே உலகம் எதிர்பார்த்தது. ஆனால் ஈரான் உள்ளே போகவில்லை. தாலிபானை எதிர்த்துப் போரிட்ட அகமது ஷா மசூதின் வடக்குக் கூட்டணிக்கு ஆயுதமும் பணமும் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டது. ஷலம்சேயின் பாடம் இங்கேதான் முதன்முதலாக வேலை செய்தது.

2001 செப்டம்பருக்குப் பிறகு நடந்தது பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்கத் தூதர் ரயன் கிராக்கர் ஜெனீவாவில் ஈரான் அதிகாரிகளை ரகசியமாகச் சந்தித்துவந்தார். தாலிபான் நிலைகளைக் குறித்த வரைபடம்கூட அமெரிக்காவுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த அதிகாரிகளுக்குப் பின்னால் இருந்தவர் சுலைமானி என்று கிராக்கரே சொல்லியிருக்கிறார். 2002 ஜனவரியில் அதிபர் புஷ் தன் உரையில் ஈரானை, இராக்கோடும் வடகொரியாவோடும் சேர்த்துத் 'தீய அச்சு' என்றார். பேச்சு அத்தோடு முறிந்தது. அந்த ஒரு வாக்கியம் வராமல் இருந்திருந்தால் என்று யோசிக்கத் தோன்றும். ஆனாலும் அடுத்த ஆண்டு நடந்த இராக் படையெடுப்பை அந்த உறவு தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

2003-ல் சதாமை அமெரிக்கா வீழ்த்தியது. எட்டு ஆண்டு போரிட்டும் ஈரானால் முடியாததை மூன்று வாரத்தில் செய்தது. சுலைமானிக்கு இது வாய்ப்பு, அதே அளவு அச்சம். கிழக்கே ஆப்கானிஸ்தான், மேற்கே இராக், இரண்டிலும் அமெரிக்கப் படை. அவர் கையில் இருந்த முதலீடு பழையது. சதாமுக்குத் தப்பி ஓடிவந்த இராக்கிய ஷியாக்களைக் கொண்டு 1980-களிலேயே ஈரான் 'பத்ர்' என்ற படையைக் கட்டியிருந்தது. ஹாதி அல்-அமீரி போன்றவர்கள் அந்தப் போரில் ஈரான் பக்கம் நின்று சொந்த நாட்டு ராணுவத்தோடு சண்டையிட்டவர்கள். அவர்கள் இப்போது பாக்தாத் திரும்பி எம்.பி.க்கள், அமைச்சர்கள், போலீஸ் அதிகாரிகள் ஆனார்கள். சுலைமானி அவர்களை இருபது ஆண்டுகளாக அறிந்தவர். அவர்கள் கல்யாணமும் சாவும் தெரிந்தவர். பாக்தாதில் அடுத்தடுத்து அமர்ந்த ஈரான் தூதர்களே குத்ஸ் படைக்காரர்கள்தான்.

இன்னொரு பக்கம், அதே இராக்கில் அமெரிக்கப் படையைத் தாக்கும் குழுக்களுக்கு, கவச வண்டியைத் துளைக்கும் சாலையோர வெடிகளைக் குத்ஸ் படை கொடுத்தது. தங்கள் வீரர்களில் 603 பேர் ஈரான் ஆதரவுக் குழுக்களால் இறந்தார்கள் என்பது 2019-ல் அமெரிக்க அரசு சொன்ன கணக்கு. அரசாங்கத்துக்குள்ளும் ஆள், அரசாங்கத்தோடு மோதும் துப்பாக்கிக்குப் பின்னாலும் ஆள். அமெரிக்கா வெளியேறினாலும் இருந்தாலும் ஈரானைக் கேட்காமல் பாக்தாதில் எதுவும் நடக்கக் கூடாது என்பதே நோக்கம். அது பெருமளவு பலித்தது. 2007-ல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் தடைப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. லெபனானில் 2006-ல் இஸ்ரேலுடன் போர் நடந்தபோது பெரும்பாலான நாட்கள் தான் அங்கேயே, ஹிஸ்புல்லா தலைவர் ஹசன் நஸ்ரல்லாவோடும் அதன் ராணுவத் தளபதி இமாத் முக்னியாவோடும் இருந்ததாக 2019-ல் ஈரான் தொலைக்காட்சியில் அவரே சொன்னார். 2011 ஜனவரியில் அவரை மேஜர் ஜெனரலாக உயர்த்தினார் காமேனி.

அதே ஆண்டில் சிரியா எரியத் தொடங்கியது. அவருடைய வாழ்க்கையில் நான் மிகக் கடுமையாகப் பார்க்கும் பகுதி இது. சிரிய அதிபர் பஷார் அல்-அசாத் தன் மக்கள் மீதே டாங்கியை ஏவியபோது, ஈரானுக்கு இருந்த கணக்கு ஒன்றுதான்: சிரியா போனால் லெபனானுக்குப் போகும் பாதை போகும், ஹிஸ்புல்லா தனித்துவிடும். அந்தக் கணக்கு சரியா தவறா என்பது வேறு. அதற்குக் கொடுத்த விலை சிரியர்களுடையது. ஹிஸ்புல்லா வீரர்களை இறக்கி 2013 ஜூனில் குசைர் நகரத்தைப் பிடிக்கவைத்தார். சிரிய ராணுவம் கரைந்துகொண்டிருந்ததால் உள்ளூர் ஆயுதக் குழுக்களை ஒரு துணைப்படையாகத் திரட்டினார்கள். அதுவும் போதாமல், ஈரானில் அகதிகளாக வாழ்ந்த ஆப்கன் ஷியா இனத்தவரான ஹஸாராக்களைக் கொண்டு 'ஃபாத்திமியூன்' படை உருவானது. சம்பளமும், குடும்பத்துக்குக் குடியிருப்பு உரிமையும் தருவதாகச் சொல்லி ஆள் எடுத்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகள்கூட அதில் இருந்து இறந்ததை ஈரானில் உள்ள கல்லறைகளின் படங்களைப் பார்த்தே மனித உரிமை அமைப்பு பதிவுசெய்தது. தன் ஊர்ப் பையன்களுக்காக அழுத மனிதர், வேறொரு நாட்டின் ஏழைப் பையன்களை அதே அகழிகளுக்கு அனுப்பினார். ஷலம்சேயின் பாடத்தில் மறைந்திருந்த கொடூரம் இதுதான்.

2015-ல் அசாத் தடுமாறியபோது, பயணத்தடையை மீறி அவர் மாஸ்கோ சென்றதாக அமெரிக்க அதிகாரிகள் கூறினார்கள். அந்தச் செப்டம்பரில் ரஷ்ய விமானங்கள் குண்டுவீசத் தொடங்கின. 2016 டிசம்பரில், மாதக்கணக்கான முற்றுகைக்கும் குண்டுவீச்சுக்கும் பிறகு கிழக்கு அலெப்போ விழுந்தது. இடிபாடுகளுக்கு நடுவே சுலைமானி நடக்கும் படங்கள் வெளியாயின.

இராக்கில் கதை வேறு மாதிரி. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 10-ல் இராக்கின் மொசூல் நகரம் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் கையில் விழுந்தது. இராக் ராணுவம் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. அமெரிக்கா யோசித்துக்கொண்டிருந்த வாரங்களில் சுலைமானி பாக்தாதில் இருந்தார். தங்களுக்கு முதலில் ஆயுதம் கொடுத்த நாடு ஈரான்தான் என்று குர்துத் தலைவர் மசூத் பர்சானி வெளிப்படையாகச் சொன்னார். துருக்மன் ஷியாக்கள் வாழும் அமெர்லி ஊர் ஏறக்குறைய இரண்டரை மாதம் முற்றுகையில் கிடந்தது. ஆகஸ்ட் கடைசியில் அது உடைந்தபோது மேலே அமெரிக்க விமானங்கள், கீழே சுலைமானியின் ஆட்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் உயிர் காத்தவர். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய ஆதரவுப் படைகள் மீட்ட ஜுர்ஃப் அல்-சகர் பகுதியில், சுன்னி மக்கள் வீடு திரும்ப விடப்படவில்லை. அவர்களிடம் போய் அதே மனிதரைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதில் முற்றிலும் வேறாக இருக்கும். 2015 மார்ச்சில் திக்ரித் தாக்குதல் பாதியில் நின்று, கடைசியில் இராக் பிரதமர் அமெரிக்க விமானங்களை அழைக்க வேண்டியிருந்தது என்பதையும் அவருடைய ரசிகர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

அதுவரை முகம் காட்டாத மனிதர் அந்தக் காலத்தில்தான் நட்சத்திரம் ஆனார். முனையில் எடுத்த படங்கள் தினமும் வெளிவந்தன. ஐ.எஸ். ஈரானுக்குள் வராமல் தடுத்தவர் என்று, ஆட்சியை விரும்பாத ஈரானியர்கள்கூட மதித்தார்கள். ஆனால் உள்நாட்டு அரசியலில் அவர் ஒதுங்கி நின்றவர் என்ற பிம்பத்தை நான் ஏற்கமாட்டேன். 1999-ல் மாணவர் போராட்டம் வெடித்தபோது, பொறுமை எல்லை கடந்துவிட்டது என்று சீர்திருத்த அதிபர் கத்தாமியை எச்சரித்துக் கடிதம் எழுதிய 24 தளபதிகளில் அவரும் ஒருவர்.

2019 அக்டோபரில் இராக்கின் ஷியா இளைஞர்களே தெருவுக்கு வந்தார்கள். வேலை, மின்சாரம், ஊழல் என்று தொடங்கிய போராட்டம் ஈரானே வெளியேறு என்பதில் போய் நின்றது. நவம்பரில், ஷியாக்களின் புனித நகரான நஜாஃபில் ஈரான் துணைத் தூதரகத்துக்குத் தீ வைத்தார்கள். சில மாதங்களில் நூற்றுக்கணக்கான போராட்டக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அவர் கட்டிய கட்டடத்தின் முதல் பெரிய விரிசலை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்தார். அதைப் பிளந்தவர்கள் அமெரிக்கர்களோ இஸ்ரேலியர்களோ அல்லர்.

டிசம்பர் 27-ல் இராக்கின் கிர்குக் அருகே ராக்கெட் தாக்குதலில் அமெரிக்க ஒப்பந்ததாரர் ஒருவர் இறந்தார். அமெரிக்கா பதிலடி கொடுத்தது. பாக்தாத் அமெரிக்கத் தூதரகம் முற்றுகையிடப்பட்டது. 2020 ஜனவரி 3 அதிகாலை, டமாஸ்கஸிலிருந்து வந்திறங்கிய சுலைமானியின் வண்டிகளைப் பாக்தாத் விமான நிலையச் சாலையில் அமெரிக்க ட்ரோன் தாக்கியது. ஈரான் ஆதரவு இராக்கியப் படைத் தலைவர் அபு மஹ்தி அல்-முஹந்திஸ் உட்பட மொத்தம் பத்துப் பேர் இறந்தார்கள். அன்று டிரம்ப், டெல்லி வரைக்கும் சதித்திட்டங்களில் சுலைமானிக்குப் பங்கு உண்டு என்றார். 2012-ல் டெல்லியில் இஸ்ரேல் தூதரக வண்டியில் நடந்த குண்டுவெடிப்பைத்தான் அவர் குறிப்பிட்டார் என்று இந்திய ஊடகங்கள் எடுத்துக்கொண்டன.

சாவுக்குப் பின்னும் உயிர்கள் போயின. கெர்மான் இறுதி ஊர்வல நெரிசலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜனவரி 8-ல் அமெரிக்கப் படை இருந்த இராக்கின் ஐன் அல்-அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களுக்கு மூளைப் பாதிப்பு. அதே பதற்றத்தில் புரட்சிக் காவல் படை டெஹ்ரானுக்கு மேலே உக்ரைன் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஈரானியர்கள். நான்கு ஆண்டு கழித்து அவருடைய நினைவு நாளில் கல்லறை அருகே ஐ.எஸ். நடத்திய குண்டுவெடிப்புகளில் 90-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

அவர் இருந்திருந்தால் எல்லாம் வேறாக நடந்திருக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவருக்கு அடுத்து வந்த இஸ்மாயில் கானி ஆப்கன் விவகாரங்களில் பழகிய ஆள். பாக்தாதிலும் பெய்ரூட்டிலும் சுலைமானிக்கு இருந்த இருபது ஆண்டுப் பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு மனிதரின் உறவுகளை நம்பிக் கட்டிய அமைப்பு அந்த மனிதர் போனதும் தளரும் என்பது உண்மை. ஆனாலும் அது பாதிப் பதில்தான். 2024 செப்டம்பரில் நஸ்ரல்லா கொல்லப்பட்டார். டிசம்பர் 8-ல் அசாத் விமானம் ஏறி ஓடினார், காக்க யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. சுலைமானி பத்தாண்டு ஊற்றிய ரத்தமும் பணமும் பன்னிரண்டு நாளில் கரைந்தன. அவர் உயிரோடு இருந்தாலும், சொந்த மக்களே விரும்பாத ஓர் ஆட்சியை வெளியூர்ப் படைகளை வைத்து நிரந்தரமாக நிறுத்தியிருக்க முடியாது. 2025 ஜூன் 13-ல் இஸ்ரேல் விமானங்கள் டெஹ்ரானையே தாக்கின. ஈரானின் உயர் தளபதிகளான முகமது பாகெரி, ஹொசைன் சலாமி, குலாம் அலி ரஷீத் ஆகியோர் கொல்லப்பட்டார்கள். மூவரும் சுலைமானியோடு அதே எட்டு ஆண்டுப் போரில் வளர்ந்தவர்கள். ஈரான் மண்ணில் இனிப் போர் நடக்கக் கூடாது என்பதற்காகவே வாழ்நாள் முழுவதும் வேலை செய்த தலைமுறை அது.